ஓர் ஆண்டை யாரிடம் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த வாரம் எனக்கு 62 முடிந்து 63 பிறக்கிறது. பிறந்தநாளை ஒட்டி, மறக்க முடியாத ஓர் ஆண்டைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். எந்த ஆண்டு என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. இப்போது முடிகிறதே, இந்த ஆண்டுதான். அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். கைவேலையை நிறுத்த வேண்டாம், செய்துகொண்டே யோசியுங்கள்.

உங்களுக்கு 37 வயது நடந்த ஆண்டில் என்னென்ன நடந்தது? இன்னும் 37 ஆகாதவர்கள் 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆகாத பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஏழு வயதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் ஆண்டில் என்ன நடந்தது?

நான் கல்லூரியில் உளவியல் கற்றுக்கொடுத்தவள். ஒவ்வொரு புது வகுப்பிலும் இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்பேன். பெரியவர்கள் கூடும் இடங்களிலும் கேட்டிருக்கிறேன். நேராகப் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. "அப்போது நாங்கள் எந்த வீட்டில் இருந்தோம்... மாடி வீட்டுக்கு மாறிவிட்டோமா... பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்தாயிற்றா..." என்றுதான் தொடங்குவார்கள். வீட்டைப் பிடித்து, பிள்ளையைப் பிடித்து, அதற்கப்புறம்தான் அந்த ஆண்டுக்குள் நுழைவார்கள். நீங்களும் இப்போது அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

இது வயதானதால் வரும் மறதி என்று பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். நினைவு எல்லா வயதிலும் அப்படித்தான் வேலை செய்கிறது. நெதர்லாந்தில் வில்லெம் வாகெனார் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். அவர் 1978 முதல் 1984 வரை, ஆறு ஆண்டுகள், அன்றாடம் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை, சில நாட்களில் இரண்டை, குறித்து வைத்தார். என்ன நடந்தது, யார் உடனிருந்தார், எங்கே, எப்போது. இந்த நான்கு விவரங்களும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கும். அப்படி ஏறத்தாழ 2,400 நிகழ்ச்சிகள் சேர்ந்தன. பிறகு தன்னைத்தானே சோதித்துக்கொண்டார். நான்கில் ஒரு விவரத்தை மட்டும் பார்ப்பது, மற்ற மூன்றும் நினைவுக்கு வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் இன்னொரு விவரத்தையும் பார்ப்பது.

என்ன நடந்தது என்பது ஒன்று கிடைத்தால் போதும், மற்றவை ஓரளவு வந்தன. யார், எங்கே என்பவையும் உதவின. எப்போது என்பது மட்டும், தேதி மட்டும், ஏறக்குறைய எதற்குமே உதவவில்லை. அவரே எழுதிய தேதி, அவரே வாழ்ந்த நாள். அப்படியும் வெறும் தேதியைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை.

ஆக, 37 வயதில் என்ன நடந்தது என்று நான் உங்களைக் கேட்டது, இருப்பதிலேயே உதவாத வழியில் கேட்டது. பிறந்தநாள் அன்று நாம் எல்லோரும் நம்மை அப்படித்தான் கேட்டுக்கொள்கிறோம். போன வருடம் என்ன செய்தேன்? இந்த வயதில் என்ன சாதித்தேன்? பதில் வராது. வராததால், அந்த ஆண்டு வீணாய்ப் போனது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு எனக்கு நெடுநாளாகவே பிடிக்காத ஒன்று. ஆண்டு வீணாகவில்லை. கேட்ட விதம் சரியில்லை, கேட்ட ஆளும் சரியில்லை. ஆளைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

போன பிறந்தநாள் முடிந்த கையோடு என் அக்கா வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். சிறுமிகளாக இருந்ததற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்துத் தூங்கியது இந்த ஆண்டுதான். பகலில் நடைப்பயிற்சி, மருந்து, வந்து போகிறவர்கள் என்று பொழுது போய்விடும். சாயங்காலம்தான் நீளமாக இருக்கும். படுக்கையில் இருப்பவருக்குச் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று, யாரையாவது பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் அப்பாவின் டைரிகளை எடுத்தேன். அப்பா போய்ப் பல காலம் ஆகிறது. உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் பாக்கெட் டைரிகள், ஆண்டுக்கு ஒன்றாக, ஓர் இரும்புப் பெட்டியில் அப்படியே இருந்தன. அவர் மனம் திறந்து எதையும் எழுதுகிறவர் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன வாங்கியாயிற்று, எது பழுதானது. நீல மை. நிப்பு பழையதாகிவிட்ட மாதங்களில் எழுத்து தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புது நிப்பு மாற்றிய நாள் எது என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான் சத்தமாகப் படிப்பேன், அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பெரும்பாலான வரிகள் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ஒரு வரி வந்தது. "மழை. குடை வந்தது. சின்னவள் தூங்கவில்லை." அவ்வளவுதான். சின்னவள் என்றால் நான். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனேன்.

"நில்லு. அதைத் திருப்பிப் படி" என்றாள் அக்கா.

திருப்பிப் படித்தேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். நேயர்களே, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளுக்கு முந்தைய வாரம் அப்பா பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். நல்ல மழை. கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒதுங்க இடமில்லாமல் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள். அப்பா தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, நனைந்தபடி வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடை. அம்மாவுக்குக் கோபம். கொடுத்ததற்காகக் கோபமில்லை. அந்தப் பெண்ணுக்கு வீட்டு விலாசம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாரே, அவள் அலைந்து திரிந்து கொண்டுவந்து தர வேண்டுமே, குழந்தையை வைத்துக்கொண்டு அதெல்லாம் அவளுக்கு ஆகிற வேலையா, கொடுத்தது கொடுத்ததாக விட்டிருக்கலாமே என்று. அக்காவுக்கு அப்போது பதினோரு வயது. அந்தச் சண்டை முழுவதும் நினைவிருக்கிறது. அம்மாவின் இந்தப் பக்கத்தை நான் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். இத்தனை ஆண்டு கழித்து அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு புதுச் செய்தி!

அப்புறம் ஒரு நாள் ராத்திரி கதவைத் தட்டும் சத்தம். அந்தப் பெண். வெளியே மழை தூறிக்கொண்டிருக்கிறது. கையில் குடை இருக்கிறது, ஆனால் அதை விரிக்காமல், காகிதத்தில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இரவல் வாங்கியதை ஈரமாகத் தரக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். சத்தம் கேட்டு நான் எழுந்துவிட்டேனாம். குடையை என் கையில் கொடுத்தால்தான் ஆயிற்று என்று அழுதேனாம். கடைசியில் அறைக்குள்ளேயே குடையை விரித்து, அதற்குக் கீழே என்னை உட்கார வைத்தார்களாம். "நீ தூங்கவே இல்லைடி" என்றாள்.

அவள் அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு இதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. விரித்த குடை என்று அவள் சொன்னதும் எனக்கு ஒன்று வந்தது. கறுப்புத் துணி. அதன் பின்னால் விளக்கு. பழைய துணி அல்லவா, ஊசி முனை அளவுக்கு அங்கங்கே ஓட்டை, அந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக. அந்தப் புள்ளிகளுக்கு நடுவில், ஒரு கம்பியின் நுனியில், வெள்ளை நூல் சுற்றிக் கட்டியிருந்தது. "அக்கா, அந்தக் குடையில் வெள்ளை நூல் இருந்ததா?" என்று கேட்டேன். அக்கா கண்ணைத் திறந்தாள். கம்பி துணியை விட்டு விலகியிருந்ததை அந்தப் பெண்தான் தைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். கறுப்பு நூல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த நூலை அம்மா கடைசிவரை யாரையும் பிரிக்க விடவில்லை. நான் நூலைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால், அக்காவுக்கும் இது நினைவுக்கு வந்திருக்காது.

ஒரு வரி அப்பாவிடம். சண்டையும் கதவு தட்டலும் அக்காவிடம். வெள்ளை நூல் என்னிடம். மூன்று பேரிடம் மூன்று துண்டாகக் கிடந்த ஒரு ராத்திரி அது.

இந்த இடத்தில் மறுபடி வாகெனாரிடம் போகிறேன். அவர் எழுதி வைத்ததில் சில நிகழ்ச்சிகள் முழுக்க மறந்துபோயிருந்தன. நான்கு விவரங்களையும் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவற்றில் பத்து நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அன்று உடனிருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த விவரங்களைச் சொன்னார்கள். பத்தில் பத்தும் அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டன. இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அன்றுதான் அது என்ன என்று எனக்கு உண்மையிலேயே புரிந்தது. நாம் மறந்துவிட்டோம் என்று நினைக்கும் ஓர் ஆண்டு, உடனிருந்த இன்னொருவரிடம் பாதி இருக்கலாம். அவரிடம் கேட்டால் நம்மிடம் இருக்கும் பாதியும் எழுந்து வரலாம். அவர் இருக்கும்போது கேட்க வேண்டும். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் நான் இங்கே வந்தேன்: அவர் இருக்கும்போது கேட்க வேண்டும்.

சரி, பிறந்தநாள் என்றாலே எல்லோரும் சொல்வது இன்னொன்று இருக்கிறது. "வருடம் ஓடியே போய்விட்டது." இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. பிரான்சின் தத்துவ அறிஞர் போல் ஜானே சொன்னது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு, 60 வயதுக்காரருக்கு 60இல் ஒரு பங்கு, அதனால் சிறிதாகத் தெரிகிறது என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் தன் பெரிய உளவியல் நூலில் இதை எடுத்துச் சொல்லிவிட்டு, இது விளக்கமாகாது என்று ஒதுக்கினார். சிறுவயதில் எல்லாமே புதிது, வயது ஏற ஏற எல்லாமே பழக்கமாகிவிடுகிறது, பழக்கமானது நினைவில் தனியாக நிற்பதில்லை, அதனால்தான் திரும்பிப் பார்த்தால் ஆண்டு சுருங்கித் தெரிகிறது என்பது அவர் பார்வை. எனக்கு ஜேம்ஸ்தான் சரி என்று படுகிறது.

அதற்கு ஓர் உதாரணம். மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர், 23 வயது, 1962 ஜூலை 16 அன்று ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஒரு குகைக்குள் இறங்கினார். கடிகாரம் இல்லை, சூரியன் இல்லை. உள்ளே கடும் குளிர், ஈரம். விழித்ததும் உறங்கப் போகும்போதும் மேலே இருக்கும் நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார், அவர்கள் மணி என்ன என்று சொல்லக் கூடாது. நொடிக்கு ஓர் எண்ணாக 120 வரை எண்ணிக் காட்டுவதும் உண்டு. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது ஐந்து நிமிடம் ஆனது. செப்டம்பர் 14 அன்று, முடிந்தது, மேலே வரலாம் என்றார்கள். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். மூன்று வாரத்துக்கும் மேல் அவர் கணக்கில் விழவே இல்லை. இருட்டில் நேற்று செய்தது இன்று நினைவில் நிற்பதில்லை, ஒரு நாளையும் இன்னொரு நாளையும் பிரித்துக் காட்ட ஒன்றுமே இல்லை என்று அவர் பிற்பாடு சொன்னார்.

நமக்கு வெளிச்சமும் இருக்கிறது, கடிகாரமும் இருக்கிறது. ஆனாலும் அதே வழி, அதே நாற்காலி, அதே வேலை என்றால் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் மேரிகோல்ட் லின்டன் என்ற உளவியலாளரும் 1972 தொடங்கி ஆறு ஆண்டுகள் தன் அன்றாட நிகழ்ச்சிகளை எழுதி வைத்துத் தன்னைச் சோதித்தவர். ஒரே மாதிரியான கூட்டங்களுக்குப் போய்வந்ததில் முதல் தடவை தெளிவாக நின்றது, அதற்குப் பிந்தையவை ஒன்றாகக் கலந்துவிட்டன. சில குறிப்புகளைப் படித்தபோது, தான் எழுதியது எதைப் பற்றி என்பதே அவருக்குப் புரியவில்லை.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே மிகுதியாக வருகின்றன. அது இளமையின் மகிமை என்று நினைத்துவிடக் கூடாது. ராபர்ட் ஷ்ராஃப், டேவிட் ரூபின் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த, ஸ்பானிஷ் மொழி பேசும் முதியவர்களிடம் கேட்டார்கள். முப்பதுகளின் நடுவில் குடிபெயர்ந்தவர்களுக்கு, நினைவுகள் அந்த முப்பதுகளைச் சுற்றித்தான் குவிந்திருந்தன. வயதைவிட வாழ்க்கை மாறியதுதான் கணக்கு.

இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரே அறிவுரைக்குத் தாவுவார்கள். பயணம் போ, புதிதாக எதையாவது கற்றுக்கொள், ஆண்டு நீளும் என்று. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பாதிதான். என்னைப் பாருங்கள். இந்த ஆண்டு நான் எங்கும் போகவில்லை. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி. பார்வைக்கு, ஒன்றுமே நடக்காத ஆண்டு. ஆனால் என் நினைவில் இவ்வளவு நீளமாக நிற்கும் ஆண்டு சமீபத்தில் வேறொன்று இல்லை. புது இடம் கிடைக்காவிட்டாலும், பழையதைப் பற்றிய புதுப் பேச்சு கிடைத்தது. எந்த வரிக்கு அக்கா சிரித்தாள், எந்த வரிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். உடல்நலமில்லாதவர்களைப் பார்த்துக்கொண்டு, "என் ஆண்டு இப்படியே போகிறது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் இதைச் சொன்னேன். உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் ஆண்டுகள் இருக்கின்றன. கேளுங்கள். எப்போது என்று கேட்காதீர்கள், பதில் வராது. அந்தப் பழைய அலமாரி என்ன ஆயிற்று, மாடி வீட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள், அன்றைக்கு ஏன் அழுதாய் என்று கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கசப்பான ஆண்டுகள். மறக்க முடியாத ஆண்டு எல்லோருக்கும் இனிய ஆண்டாக இருப்பதில்லை. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். பொதுவாக, நடந்தது நினைவில் இருந்தாலும், நல்லதோடு வந்த உணர்வைவிடக் கெட்டதோடு வந்த உணர்வு சீக்கிரம் மங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. இதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

இரண்டாவது, எழுதி வைப்பது. அன்றன்றே எழுதுங்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையிலேயே, செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கினார். ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, 44 பேரில் 11 பேரின் பதிலில் ஒரு முக்கிய விவரம்கூடப் பழையதோடு ஒத்துப்போகவில்லை. அப்படியும் பலர் மிக உறுதியாகச் சொன்னார்கள். அதனால் பேச்சும் வேண்டும், எழுத்தும் வேண்டும். அப்பாவின் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அக்காவும் தொடங்கியிருக்க மாட்டாள், நானும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு வரி போதும். உணர்ச்சியாக எழுத வராவிட்டால் பரவாயில்லை. என்ன நடந்தது என்பது இருக்கட்டும், உடனிருந்தவரின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். பெயர் இருந்தால்தான் பிற்பாடு யாரைத் தேடிப்போய்க் கேட்பது என்று தெரியும். அப்பா அதை மட்டும் எழுதவில்லை. குடையைத் தைத்துக் கொண்டுவந்த அந்தப் பெண்ணின் பெயர் அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மற்ற ஆண்டு டைரிகளில் எங்காவது வருகிறதா என்று இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.